விளக்குக் கம்பத்துக் காகிதம்

போன வாரம் எங்கள் தெருமுனை விளக்குக் கம்பத்தில் ஒரு காகிதம் கட்டியிருந்தார்கள். மழையில் நனையாமல் இருக்க பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, கம்பத்தோடு சேர்த்து இறுக்கிய காகிதம். மூன்றாவது வீட்டுக்காரர் முன்பக்க ஜன்னல்களை மாற்ற உள்ளாட்சி மன்றத்திடம் அனுமதி கேட்டிருக்கிறார். மரச்சட்டத்தை எடுத்துவிட்டு பிளாஸ்டிக் சட்டம் வைக்கப் போகிறாராம். ஆதரவோ ஆட்சேபமோ, சொல்ல விரும்புகிறவர்கள் 21 நாளைக்குள் எழுதலாம்.

இந்த ஊருக்கு வந்த முதல் மூன்று வருஷத்தில் இப்படி எத்தனையோ காகிதங்களைத் தாண்டிப் போயிருக்கிறேன், ஒன்றைக்கூட நின்று படித்ததில்லை. காலையில் ரயிலைப் பிடிக்கிற அவசரத்தில் யார் வீட்டு ஜன்னலைப் பற்றி யார் படிப்பார்கள் என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் அவற்றை ஒன்று விடாமல் படிக்கிறவர்கள் இந்த ஊரில் இருக்கிறார்கள், 60 வருஷத்துக்கும் மேலாகப் படித்துக்கொண்டிருக்கிறார்கள், இந்த ஊர் இன்றைக்கு இப்படி இருப்பதற்கு அதுதான் பெரிய காரணம் என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. அதைத்தான் எழுத உட்கார்ந்தேன். கொஞ்சம் நீளமாகத்தான் போகும்.

ஊர் பெயர் ஃபேவர்ஷாம். இங்கிலாந்தின் கென்ட் மாவட்டத்தில், லண்டனிலிருந்து 80 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவான தூரம். பக்கத்துப் பெரிய ஊர் கேன்டர்பரி, எனக்கு வேலை அங்கேதான், ரயிலில் கால் மணி நேரம். லண்டனில் வாடகை கட்டி மாளாமல்தான் இந்தப் பக்கம் வந்தோம், ஊரின் பழமையைப் பார்த்து வந்தோம் என்று சொன்னால் பொய். வந்த பிறகுதான் எங்கே வந்திருக்கிறோம் என்று புரிந்தது. வில்லியம் அரசர் 1086இல் நாடு முழுக்கக் கணக்கெடுத்து எழுதவைத்த ஏட்டில் இந்த ஊர்ச் சந்தை இருக்கிறது. அதே சந்தை இன்றைக்கும் செவ்வாய், வெள்ளி, சனி என்று கூடுகிறது. நான் கத்தரிக்காய் வாங்குகிற இடத்தில் கிட்டத்தட்ட ஆயிரம் வருஷமாக யாரோ ஒருவர் எதையோ விற்றுக்கொண்டிருக்கிறார் என்று நினைத்தால் பையைக் கையில் பிடித்துக்கொண்டு அங்கேயே ஒரு நிமிஷம் நிற்கத் தோன்றும்.

சந்தை மைதானத்தின் நடுவில் கில்ட்ஹால் என்கிற கட்டடம். 1574இல் சந்தை மண்டபமாகக் கட்டியது. கீழே பருத்த மரத்தூண்கள், சுவரே கிடையாது, திறந்த மண்டபம், மழை வந்தால் கடைக்காரர்கள் ஒதுங்கலாம். அந்தத் தூண்களின் மேல் நகர மன்றக் கூடம். மேல்மாடி மட்டும் 1814இல் புதிதாகக் கட்டியது. அம்மா முதல் தடவை வந்தபோது குளிருக்கு சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு அந்தத் தூணில் ஒன்றைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஏங்கண்ணு, இது நம்மூர்ச் சந்தைப்பேட்டையாட்டமே இருக்குது. கீழ கடை, மேல கச்சேரி." நாங்கள் பொள்ளாச்சிக்காரர்கள். வெல்ல மண்டியும், செவ்வாய் வியாழன் மாட்டுச் சந்தையும், சுத்துப்பட்டு ஊர்க்காரர்கள் அன்றைக்கு மட்டும் வந்து நிரப்புகிற வீதிகளுமாக வளர்ந்தவர்கள். சந்தை என்றால் ஊருக்கு என்ன என்பதை அம்மாவுக்கு யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை.

சரி, அந்த ஆட்களுக்கு வருகிறேன்.

1950கள், 60களில் இங்கிலாந்து முழுக்கவே பழையதை இடிப்பதுதான் முன்னேற்றம் என்ற எண்ணம் பரவியிருந்தது. போர் முடிந்து வீடு பற்றாக்குறை, கார்கள் பெருகின, சாலையை அகலப்படுத்த வேண்டும், கடைகளுக்குக் கண்ணாடி முகப்பு வேண்டும். லண்டனில் யூஸ்டன் ரயில் நிலையத்தின் பிரமாண்டமான கல்வாயிலை எத்தனையோ பேர் கெஞ்சியும் கேட்காமல் 1961-62 குளிர்காலத்தில் இடித்துத் தள்ளினார்கள். எங்கள் ஊரிலும் அப்படி ஒரு கண்டம் இருந்தது. சந்தையிலிருந்து கடல்கழிப் பக்கம் போகிற ஆபி தெருதான் இன்றைக்கு வெளியூர்க்காரர்கள் படம் எடுக்க வருகிற தெரு. மேல்மாடிகள் தெருவுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் மரச்சட்ட வீடுகள், சில ஒரு பக்கம் சாய்ந்தேகூட நிற்கும். 50களில் அதே தெரு பாதி பாழடைந்து கிடந்தது, இடித்துவிடலாம் என்று பேச்சும் நடந்தது. கடைசியில் நகர மன்றமும் வீட்டுக்காரர்களும் சேர்ந்து ஒவ்வொரு வீடாக எடுத்துச் சரிபண்ணி நிமிர்த்தினார்கள்.

அந்த நேரத்தில், 1962இல், ஊர்க்காரர்கள் சிலர் கூடி ஃபேவர்ஷாம் சொசைட்டியைத் தொடங்கினார்கள். தொடங்கியவர்களில் ஆர்தர் பெர்சிவல் என்கிற வரலாற்று ஆர்வலர் முக்கியமானவர். ஊர்ச் சரித்திரத்தைச் சின்னச் சின்னப் புத்தகங்களாக எழுதிக் குவித்தவர். இந்த சொசைட்டி அரசாங்க அமைப்பு கிடையாது, எதையும் நிறுத்துகிற அதிகாரமும் கிடையாது. கம்பத்துக் காகிதங்களைப் படித்து மன்றத்துக்குக் கருத்து எழுதத்தான் அவர்களால் முடியும். உறுப்பினர் சந்தா, பழைய புத்தக விற்பனை, கோடையில் ஊர்க்காரர்கள் தங்கள் வீட்டுத் தோட்டங்களைத் திறந்துவிடும் நாளில் வருகிற டிக்கெட் பணம், இப்படித்தான் ஓடுகிறது. வேலை செய்கிறவர்கள் சம்பளம் வாங்காத தொண்டர்கள். பெரும்பாலும் ஓய்வு பெற்றவர்கள்.

இப்படிப்பட்ட சங்கங்கள் இந்த நாட்டில் ஊருக்கு ஊர் உண்டு. அவற்றுக்கு ஒரு தாய் அமைப்பாக 1957இல் சிவிக் டிரஸ்ட் என்று ஒன்றைத் தொடங்கியவர் டங்கன் சாண்டிஸ் என்ற அரசியல்வாதி. அதுவரை சட்டம் தனித்தனிக் கட்டடங்களைத்தான் பாதுகாத்தது. கட்டடத்தின் வயசு, அழகு, சரித்திரம் எல்லாம் பார்த்துப் பட்டியலில் சேர்ப்பார்கள், சேர்த்தால் அதை இஷ்டத்துக்கு மாற்ற முடியாது. ஆனால் ஒரு தெரு? தனியாகப் பார்த்தால் ஒரு வீட்டிலும் விசேஷம் இருக்காது, சேர்த்துப் பார்த்தால்தான் அந்தத் தெருவுக்கு ஒரு முகம் வரும், அதை என்ன செய்வது? சாண்டிஸ் கொண்டுவந்த 1967ஆம் வருஷச் சட்டம்தான் ஒரு வட்டாரத்தையே பாதுகாப்புப் பகுதியாக அறிவிக்க வழி செய்தது. முதலில் அறிவிக்கப்பட்டது லிங்கன்ஷயரில் இருக்கிற ஸ்டாம்ஃபோர்ட், அதுவும் எங்களைப்போல ஒரு சந்தை ஊர்தான். சிவிக் டிரஸ்ட் 2009இல் பணமில்லாமல் மூடப்பட்டது, அடுத்த வருஷமே சிவிக் வாய்ஸ் என்ற பெயரில் வேறொன்று எழுந்தது. தாய் அமைப்பு விழுந்தபோதுகூட ஊர்ச்சங்கங்கள் பாட்டுக்கு வேலையைத் தொடர்ந்தன என்பதுதான் எனக்கு இதில் பிடித்த விஷயம்.

எங்கள் ஊரில் பட்டியலில் இருக்கிற கட்டடங்களே 400க்கு மேல். அவற்றில் உள்ளே ஒரு தடுப்புச் சுவரை எடுப்பதானாலும் அனுமதி வேண்டும், இல்லாமல் செய்தால் அது குற்ற வழக்கு. பாதுகாப்புப் பகுதிக்குள் உங்கள் சொந்தத் தோட்டத்து மரம் அடிமரம் 75 மில்லிமீட்டருக்கு மேல் பருத்துவிட்டால், வெட்டுவதற்கு 6 வாரம் முன்னதாகத் தெரிவிக்க வேண்டும். கேட்கும்போது எனக்குக் கொஞ்சம் அதிகம்தான் என்று தோன்றியது. என் வீட்டில் நான் ஆணி அடிக்க ஊரைக் கேட்கவேண்டுமா என்ற கோபம் எனக்கும் இருந்தது. அந்தக் கோபம் இறங்கியது என் வீட்டுச் சுவரால்.

நாங்கள் வாங்கியது பட்டியல் வீடு இல்லை. ரயில் இந்த ஊருக்கு 1858இல் வந்த பிறகு, கூலிக்காரர்களுக்கும் கைத்தொழில்காரர்களுக்கும் வரிசையாகக் கட்டிய செங்கல் வீடுகளில் ஒன்று. செங்கல் என்றாலும் சிவப்பு கிடையாது, வெளிர்மஞ்சள். இந்த மண்ணில் அறுத்த கல், சாம்பல் கலந்து சுட்டது. அந்தக் காலத்தில் இங்கிருந்து படகு படகாக லண்டனுக்குக் கல் போகும், திரும்பி வரும்போது லண்டன் அடுப்புகளின் சாம்பலும் குப்பையும் ஏற்றி வருவார்கள், அந்தச் சாம்பல் அடுத்த சூளைக் கல்லுக்குள் போகும். எங்கள் சுவரில் உற்றுப் பார்த்தால் கல்லுக்குள் கரும்புள்ளிகள் தெரியும். எல்லாம் யாரோ ஒரு லண்டன்காரர் வீட்டு அடுப்புக்கரி.

வீடு வாங்கிய புதிதில் கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் இருந்த பூச்சு உதிர்ந்துகொண்டிருந்தது. ஒரு கட்டட ஆளைக் கூப்பிட்டோம், பெயர் வேண்டாம். வந்து பார்த்தவர் பழைய பூச்சைச் சுரண்டிவிட்டு நல்ல கெட்டியான சிமெண்ட் வைத்துவிடலாம், இனி 50 வருஷத்துக்குக் கவலை இல்லை என்றார். வைத்தார். பார்க்க கோடு போட்டமாதிரி நேராக, சுத்தமாக இருந்தது. இரண்டு குளிர்காலம் போனது. உள்சுவரில் முழங்கால் உயரத்துக்கு ஓதம் ஏறியது, சாயம் பொரிப் பொரியாகக் கிளம்பியது, மகளின் புத்தக அலமாரிக்குப் பின்னால் பூஞ்சை. வெளியே அதைவிட மோசம். செங்கல்லின் முகமே பட்டை பட்டையாக உரிந்து வாசலில் விழ ஆரம்பித்தது. தினமும் காலையில் மஞ்சள் தூளைக் கூட்டி அள்ளுவேன்.

அப்போதுதான் ஒரு சனிக்கிழமை ஃப்ளூர் டி லீக்குப் போனேன். பிரஸ்டன் தெருவில் இருக்கும் பழைய சத்திரம் அது. குதிரை வண்டிகள் ஓடிய காலத்து விடுதி. சொசைட்டி அதை வாங்கிச் சரிபண்ணி 1977இல் ஊர் வரலாற்று மையமாகத் திறந்தது. நான் போனது வரலாறு படிக்க இல்லை, மகளுக்குப் பழைய கதைப் புத்தகம் வாங்கத்தான். மேசைக்கு அந்தப்பக்கம் இருந்த பெரியவரிடம் பேச்சுவாக்கில் சுவரைப் பற்றிச் சொன்னேன். அவர் பெயர் சொல்லித்தான் கூப்பிடச் சொல்வார், இங்கே எல்லாரும் அப்படித்தான், எனக்கு இன்றைக்கும் வாய் வருவதில்லை. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை எங்கள் வாசலுக்கே வந்துவிட்டார். பாக்கெட்டிலிருந்து ஒரு பேனாக்கத்தியை எடுத்து, சிமெண்ட் வைத்த இடுக்கில் குத்திப் பார்த்தார். கத்தி இறங்கவில்லை. பக்கத்து வீட்டுச் சுவரில், 150 வருஷத்துப் பூச்சில் குத்தினார். வெல்லக்கட்டியில் இறங்குகிற மாதிரி இறங்கியது. சுவர் அப்படித்தான் இருக்கவேண்டும் என்றார்.

அவர் விளக்கியதை என் வார்த்தையில் சொல்கிறேன். மிருதுவான செங்கல், அதைவிட மிருதுவான சுண்ணாம்புப் பூச்சு, இதுதான் பழைய கணக்கு. மழைத்தண்ணீர் சுவருக்குள் போகத்தான் செய்யும், போன தண்ணீர் சுண்ணாம்பு வழியாக ஆவியாகி வெளியே வந்துவிடும். தேய்வது பூச்சுதான், நூறு வருஷத்துக்கு ஒரு தடவை அதை மாற்றிக்கொள்ளலாம், கல்லுக்கு ஒன்றும் ஆகாது. சிமெண்ட் அந்த வழியை அடைத்துவிடுகிறது. தண்ணீர் வேறு வழியில்லாமல் செங்கல் வழியாகவே வெளியேறப் பார்க்கும், பனி விழும் இரவில் கல்லுக்குள்ளேயே உறைந்து விரியும், கல்லின் முகம் வெடிக்கும். நான் தினமும் கூட்டி அள்ளியது அந்த முகத்தைத்தான். வில்லியம் மாரிஸ் 1877இல் பழைய கட்டடங்களுக்காக ஆரம்பித்த சங்கம் இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருப்பது இதையேதான் என்றும், பழசைப் புதுசாக்காதே, பழுதை மட்டும் பார் என்பதுதான் அவர்கள் வழி என்றும் பெரியவர் சொன்னார்.

அன்றைக்கு ராத்திரி அம்மாவிடம் போனில் சொன்னேன். "சுண்ணாம்புச் செவுத்துல சிமெண்ட்டு வெச்சா ஓதம் அடிக்காம என்ன பண்ணும் கண்ணு? உங்க தாத்தன் சுண்ணாம்பைத் தாளிச்சு ஒரு மாசம் ஊறப் போட்டுத்தான் கொத்தனார் கையிலயே குடுப்பாரு." இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்றேன். நீ கேக்கலியே என்றார். பொள்ளாச்சியில் தாத்தா கட்டிய வீடு சுண்ணாம்புக் காரைதான், கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் சேர்த்து அரைத்தது. வெயில் காலத்தில் அந்தச் சுவரில் கன்னத்தை வைத்துப் படுத்திருப்பேன். வீடு பங்கு பிரிந்து, விற்று, இடித்து, அந்த இடத்தில் இப்போது கடைக்கட்டடம். இடிப்பதற்கு முன்னால் தெருவில் யாரும் எந்தக் கம்பத்திலும் ஒரு காகிதம் கட்டவில்லை. கட்டியிருந்தால் நாங்களே எழுதியிருப்போமா என்று தெரியாது. ஆனால் கேட்டிருப்பார்கள்.

சிமெண்டை எடுப்பது வைத்ததைவிடப் பெரிய வேலை. மெஷின் வைத்து அறுத்தால் கல் போய்விடும், உளியால் தட்டித் தட்டித்தான் எடுக்க முடியும். பெரியவர் சொல்லிவிட்ட கொத்தனார் ஒரு பெண், 30 வயசு இருக்கும். இடுக்கை முதலில் தூரிகையால் சுத்தம் செய்து, தண்ணீர் தெளித்து, சின்னக் கரணையால் சுண்ணாம்புச் சாந்தை உள்ளே தள்ளி அழுத்திக்கொண்டே போனார். வெயிலோ காற்றோ பட்டுச் சீக்கிரம் காய்ந்துவிடக் கூடாது என்று சாயங்காலம் ஈரச்சாக்கால் மூடினார். சாக்கு வாசனையும் சுண்ணாம்பு வாசனையும் சேர்ந்து வந்ததும் எனக்குப் பொள்ளாச்சி வந்துவிட்டது. அவர் சாமான்களைக் கட்டிக்கொண்டு கிளம்பிய பிறகும் வாசலிலேயே உட்கார்ந்திருந்தேன். அடுத்த குளிர்காலத்தில் கல் உதிரவில்லை. ஓதம் முழுசாக இறங்க ஒன்றரை வருஷம் ஆனது.

அதற்குப் பிறகுதான் நான் சந்தா கட்டினேன், மாதத்தில் இரண்டு சனிக்கிழமை தொண்டு வேலைக்கும் போக ஆரம்பித்தேன்.

வெளியூர்க்காரர்கள் யாராவது ஒரே ஒரு இடம் காட்டு என்றால் நான் ஆபி தெருவுக்குக் கூட்டிப் போவதில்லை. சார்ட் வெடிமருந்து ஆலைக்குத்தான். இந்த ஊர் சுமார் 400 வருஷம் வெடிமருந்து செய்த ஊர். 1759இல் அரசாங்கமே ஒரு ஆலையை வாங்கி நடத்தியது. 1930களில் தொழில் நின்றுபோய், 60களில் அந்த நிலத்தில் வீடுகள் கட்டத் தொடங்கியபோது, குப்பைமேடாகக் கிடந்த ஒரு ஆலையை சொசைட்டி பிடித்துவைத்து, கல் கல்லாகச் சரிபண்ணியது. இந்த வகை ஆலைகளில் உலகத்திலேயே மிஞ்சியிருப்பவற்றில் மிகப் பழையது என்று இதைச் சொல்கிறார்கள். ஓடைத் தண்ணீரில் சுற்றுகிற சக்கரம், அது சுழற்றுகிற இரண்டு பெரிய கல்வட்டுகள், வட்டமான படுக்கைமேல் ஒன்றன்பின் ஒன்றாக உருளும். பார்த்தவுடன் நம் கண்ணுக்குச் செக்குதான். அந்தப் படுக்கையில் அரைத்தது வெடியுப்பு, கந்தகம், கரி. அந்த வெடியுப்பு பெரும்பாலும் எங்கிருந்து வந்தது தெரியுமா? 18ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்துக்கு வந்த வெடியுப்பில் பெரும்பங்கு கிழக்கிந்தியக் கம்பெனி கப்பல்களில் பீகார், வங்காளப் பக்கத்திலிருந்து வந்தது. அந்தக் கல்வட்டின் பக்கத்தில் நிற்கும்போது எனக்குப் பெருமையும் வருவதில்லை, வெறுப்பும் வருவதில்லை. இது நின்றுகொண்டிருப்பதால்தான் என் மகளுக்கு இதைக் கையால் தொட்டுக் காட்டிச் சொல்ல முடிகிறது. வீடாக்கியிருந்தால் ஒரு தெருப்பெயர் மட்டும் மிஞ்சியிருக்கும்.

வெடிமருந்து இந்த ஊரைச் சும்மாவும் விடவில்லை. 1916 ஏப்ரல் 2, ஞாயிற்றுக்கிழமை, ஊருக்கு வெளியே சதுப்புநிலத்தில் இருந்த தொழிற்சாலை வெடித்து நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். ஆண்களும் பையன்களும். லவ் லேன் இடுகாட்டில் அவர்களில் நிறையப் பேரைச் சேர்த்துப் புதைத்த இடம் இருக்கிறது, நீளமான ஒரே கல்லறை. அந்தப் பெயர்களை இன்னும் தேடிப்பிடித்து எழுதிவைக்கிறவர்கள் இருக்கிறார்கள். கட்டடம் மாதிரியே இதுவும் காப்பாற்ற வேண்டியதுதான் என்று நினைக்கிறேன்.

எல்லாம் நல்லபடி என்று எழுதிவிட்டுப் போக எனக்கு மனசில்லை. பக்கத்து ஊர் ஒன்றில் எங்களுக்குப் பழக்கமான ஒரு அண்ணை கடை வைத்திருக்கிறார், யாழ்ப்பாணத்துக்காரர், கறிவேப்பிலைக்கும் மாசிக் கருவாட்டுக்கும் அவரிடம்தான் போவோம். கடைக்கு மேலே உள்ளே விளக்கெரிகிற பிளாஸ்டிக் போர்டு வைத்தார். பாதுகாப்புப் பகுதிக்கு அது பொருந்தாது, எடு என்று கடிதம் வந்தது. "இதென்ன தங்கச்சி, ஒரு போட் போடவும் ஊர் முழுக்கக் கேக்க வேணுமோ? எனக்கு ஒருத்தரும் முதலே சொல்லேல்லையே" என்று என்னிடம் நொந்துகொண்டார். போர்டுக்குச் செலவழித்த காசு போனதுதான். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. இதெல்லாம் பரம்பரையாக இங்கேயே இருப்பவர்களுக்குக் காதுவழியாகத் தெரியும், கடன் வாங்கிக் கடை போடுகிறவருக்கு யார் சொல்வது? அண்ணை கடைசியில் மரப்பலகையில் கையால் எழுதவைத்தார். கரும்பச்சையில் மஞ்சள் எழுத்து, மேலே சின்ன விளக்கு. நன்றாகத்தான் இருக்கிறது, ஓரத்தில் தமிழிலும் கடைப்பெயர் எழுதச் சொல்லி எழுதினார்கள். ஆனால் கடிதத்துக்கு முன்னால் ஒரு ஆள் கடைக்கு வந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டே இதைச் சொல்லியிருந்தால் அந்த மனவருத்தம் இருந்திருக்காது. இந்த மாதிரிச் சங்கங்களில் இருப்பவர்களில் பெரும்பாலோர் வயசானவர்கள், வெள்ளைக்காரர்கள், சொந்த வீட்டுக்காரர்கள். கூட்டத்தில் இதை நான் எழுந்து சொல்லியிருக்கிறேன். யாரும் மறுக்கவில்லை. புதிதாகக் கடை எடுப்பவர்களைப் போய்ப் பார்க்கலாம் என்றேன், நீயே வா என்றார்கள், சரி என்றேன்.

இன்னொன்று, வீடு. ஊருக்குத் தென்கிழக்கே, பட்டத்து இளவரசரின் எஸ்டேட்டான டச்சி ஆஃப் கார்ன்வாலின் நிலத்தில் சுமார் 2,500 வீடுகள் கட்டுகிற திட்டம் பேச்சில் இருக்கிறது. சந்தையில் இரண்டு பேர் நின்று பேசினால் மூன்றாவது வாக்கியத்தில் அது வந்துவிடும். எதிர்ப்பவர்கள் எல்லாரும் சுயநலக்காரர்கள் என்று சொல்லமாட்டேன், நல்ல விளைநிலம் போகிறது, சாலை தாங்குமா, சாக்கடை தாங்குமா என்ற கேள்விகள் உண்மையானவை. ஆனால் என்னோடு வேலை செய்கிற பிள்ளைகளுக்கு இந்த ஊரில் வாடகைக்கு ஒரு அறை கிடைப்பதில்லை. பழைய தெருக்கள் அழகாக இருப்பதால்தான் வீட்டு விலை ஏறுகிறது, விலை ஏறுவதால் இங்கே பிறந்தவர்களே வெளியே போகிறார்கள். வீடு வேண்டும். என் கவலையெல்லாம், வரப்போகிற அந்த 2,500 குடும்பங்களும் காரை எடுத்துக்கொண்டு நேராக நெடுஞ்சாலையோரத்துப் பெரிய கடைக்குப் போவார்களா, நடந்தோ சைக்கிளிலோ செவ்வாய்க்கிழமைச் சந்தைக்கு வருவார்களா என்பதுதான். வந்தால் சந்தை பிழைக்கும். கில்ட்ஹால் தூண்களுக்கு எத்தனை தடவை வார்னிஷ் அடித்தாலும் கீழே வியாபாரம் நடக்காவிட்டால் அது வெறும் மரம்.

இதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் சந்தை மைதானத்தை ஒட்டியிருக்கும் ராயல் தியேட்டர். 1936இல் கட்டிய சினிமாக் கொட்டகை. அந்தக் காலத்தில் மற்ற ஊர்களில் வழவழவென்று புதுப்பாணியில் கொட்டகை கட்டினார்கள், இங்கே மட்டும் பக்கத்துப் பழைய கட்டடங்களுக்கு ஒத்துப்போகட்டும் என்று மரச்சட்டம் வைத்த பழைய பாணி முகப்பு கொடுத்தார்கள். இன்றைக்கும் அதில் படம் ஓடுகிறது, இப்போது அந்தக் கொட்டகையே பாதுகாப்புப் பட்டியலில் இருக்கிறது. புதிதாக வருகிறது பழையதன் பக்கத்தில் மரியாதையாக உட்கார்ந்துகொள்ள முடியும் என்பதற்கு அதைத்தான் காட்டுவேன்.

இந்தத் தடவை அம்மா வந்தது ஆப்பிள் காலத்தில். ஊரை ஒட்டி பிராக்டேலில் நாட்டின் பழமரச் சேகரிப்பு இருக்கிறது, ஆப்பிளில் மட்டும் 2,000 வகைக்கு மேல். அதனால் இந்தப் பக்கத்துச் சந்தையில் பெரிய கடையில் பார்க்கவே முடியாத பழமெல்லாம் வரும், சொரசொரவென்று தோல், கோணல்மாணலான உருவம், வெட்டினால் அன்னாசி வாசம் அடிக்கிற ஒன்றுகூட உண்டு. அம்மாவுக்கு இங்கிலீஷ் வராது, கடைக்காரருக்குத் தமிழ் வராது. ஒரு பழத்தை எடுத்து முகர்ந்து, தட்டிப் பார்த்து, இரண்டு விரலைக் காட்டினார். கடைக்காரர் மூன்றைக் காட்டினார். கடைசியில் இரண்டரைக்கு முடிந்து, அவர் ஒரு பழம் கொசுறாகவும் போட்டார். பணத்தைக் கொடுத்துவிட்டுத் தூணோரம் வந்து உட்கார்ந்து, சேலைத் தலைப்பில் பழத்தைத் துடைத்துக்கொண்டே, கடைகளைக் கட்டிப் பிரிக்கிறவரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தார். "பொழுதோட கலையற சந்தை எந்த ஊர்லயும் ஒண்ணுதான்" என்றார்.

மூன்றாவது வீட்டு ஜன்னலுக்கு வருகிறேன். அந்த வீட்டுக்காரரை எனக்குத் தெரியும், இரண்டு சின்னக் குழந்தைகள், குளிர் உள்ளே வருகிறது, கேஸ் பில் கட்டுப்படியாகவில்லை, அவர் கேட்டது தப்பே இல்லை. மேலும் கீழும் இழுத்துத் திறக்கிற அந்த மரஜன்னல்கள் வீடு கட்டியபோதே வைத்தவை. கண்ணாடி கொஞ்சம் அலை அலையாக இருக்கும், எதிர்வீட்டுக் கூரை அதில் நெளிந்து தெரியும். அடிச்சட்டம் மட்டும் உளுத்திருக்கிறது. அதை மட்டும் வெட்டியெடுத்துப் புது மரம் ஒட்டி, கயிறு மாற்றி, இடுக்குகளுக்குத் தூரிகைப் பட்டை வைத்து, உள்பக்கம் இன்னொரு மெல்லிய கண்ணாடி போட்டால் குளிரும் அடங்கும், ஜன்னலும் இருக்கும். எழுதுவதற்கு முன்னால் அவரைப் பார்த்துப் பேசிவிட வேண்டும் என்று நேற்று சாயங்காலம் போய்க் கதவைத் தட்டினேன். பிளாஸ்டிக் கம்பெனிக்காரரைத் தவிர யாரும் இதுவரை வீட்டுக்கு வந்து ஜன்னலைப் பார்க்கவில்லை என்றார். சனிக்கிழமை காலையில் பெரியவரையும், ஜன்னல் வேலை தெரிந்த ஒரு தச்சரையும் கூட்டிக்கொண்டு வருவதாகச் சொல்லியிருக்கிறேன். 21 நாளில் இன்னும் 12 நாள் இருக்கிறது.